மஞ்சள் பூசினால் பாரம்பரியமா?

கேள்வி: புதுச்சேரியில் உங்களுக்கு மிகப் பிடித்த கட்டடம் எது, அறவே பிடிக்காதது எது? வெள்ளைக்காரன் சுண்ணாம்பில் கட்டியது அப்படியே நிற்கிறது, நம் கான்கிரீட் முப்பதே வருடத்தில் உதிர்கிறது என்பது சரிதானே? எங்கள் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு ஒழுகுகிறது. மேலே சிமெண்ட் போட்டுக் காப்பாற்றலாமா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: பிடித்தது ஒரு கான்கிரீட் கட்டடம். அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்ட்' விடுதி. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி வாங்கித் தந்த நன்கொடையில் கட்டியதால், ஹைதராபாத்தின் கோல்கொண்டாவை நினைவூட்டும் அந்தப் பெயர். 1937இல் வேலை தொடங்கியது. வடிவமைத்தவர் செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட். கூட நின்று கட்டியவர்கள் ஜார்ஜ் நகஷிமா, பிரான்டிஷேக் சம்மர். இந்தியாவில் கம்பி கட்டி வார்த்த ஆரம்பகாலக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று.

அதில் என்ன விசேஷம்? நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. கிழக்கு, மேற்கு வெயிலுக்குக் காட்டுவது ஒடுங்கிய பக்கங்களை மட்டும். தெற்கே அறைகள், வடக்கே நடைவழி. சன்னல் வைக்க வேண்டிய இடத்தில், முகப்பு முழுக்கக் கிடைமட்டப் பலகைகள். கைப்பிடியைத் திருப்பினால் சாயும். வெளிச்சத்தையும் மழைச்சாரலையும் தடுத்துக்கொண்டே காற்றை விடலாம். அறைக்கும் நடைவழிக்கும் நடுவே இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளுகதவு: அதைச் சாத்தினாலும் காற்று குறுக்கே ஓடும், உள்ளே இருப்பவர் வெளியே தெரியமாட்டார். மொட்டைமாடித் தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் இன்னொரு கூரையாக நிற்கின்றன. நடுவில் உள்ள காற்று வெப்பத்தைக் கீழே இறங்கவிடாது. ஆசிரமத்தார் தங்கும் இடம் என்பதால் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. தெருவில் நின்று பார்த்தாலே பாதி புரியும்.

ஆகவே கான்கிரீட்டின் மேல் பழி போடாதீர்கள். கடலோரத்தில் கான்கிரீட் உதிர்வது கம்பி துருப்பிடித்து ஊதி, மேலே உள்ள கான்கிரீட்டைப் பிளப்பதால். உப்புத் தண்ணீரில் கலக்கிறோம், கம்பியை மூடும் கான்கிரீட் கனத்தை, அதாவது 'கவரை', அரை அங்குலம்கூட விடுவதில்லை, மூன்றாம் நாளே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுகிறோம். இந்தியத் தரக் கட்டளை கடலோரத்துக்குக் கேட்பது 45 மி.மீ. கவர், குறைந்தது எம்30 எனும் வலிமைத் தரக் கலவை, இப்போது கடையில் கிடைக்கும் பிபிசி என்ற கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்தல். இந்த மூன்றையும் செய்த வீடு எத்தனை உங்களுக்குத் தெரியும்?

'வெள்ளைக்காரன் கட்டியது அப்படியே நிற்கிறது' என்பதும் பாதிக் கதை. 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பார்க்கும் பிரெஞ்சுத் தெருக்கள் 1765க்குப் பிறகு மெல்ல எழுந்தவை. கடற்கரைச் சாலையில் 1870-71இல் கட்டிய மேரி கட்டடம் (பிரெஞ்சுக்கால நகர மன்றம்), பராமரிப்பில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் மழையில் சரிந்தது. 2021இல் திறந்து வைத்தது அதே முகப்போடு புதிதாகக் கட்டிய நகல்.

எனக்கு அறவே பிடிக்காதது அந்த நகல் அல்ல. அது தன்னை நகல் என்று ஒப்புக்கொள்கிறது. பிடிக்காதது, நாலு மாடி சிமெண்ட் பெட்டியைக் கட்டி, முகப்பில் ஃபைபர் தூணும் வளைவும் ஒட்டி, கடுகு மஞ்சள் பூசி, 'ஹெரிடேஜ்' என்று பலகை மாட்டும் விடுதிகள். மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் நிழற்பலகைகூட இல்லாமல் கண்ணாடி வைத்துவிட்டு, பின்பக்கம் வரிசையாக ஏசி தொங்கும். ஆசிரமக் கட்டடங்கள் சாம்பலும் வெள்ளையுமாகத்தான் இருக்கின்றன. அவற்றை யாரும் பாரம்பரியம் இல்லை என்று சொன்னதில்லை.

வைசியாள் வீதி வீடுகளைப் பாருங்கள். கீழே திண்ணை, அதற்கு முன்னால் மரக்கால் நட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம். மாடியில் மட்டும் வளைவுச் சன்னல், கைப்பிடிச் சுவர். தாழ்வாரம் வீட்டுக்காரருக்கு நிழல், நடப்பவருக்கும் நிழல். அந்த வீதியைச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. அதே காலத்தில் மற்றத் தெருக்களில் தாழ்வாரத்தைப் பிடுங்கி ஷட்டர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனி உங்கள் வீடு. சிமெண்ட் போடவே போடாதீர்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன்மேல் மூன்று நான்கு அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்-வெல்லத் தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டையான ஓடு (தட்டோடு) பதித்த கூரை. ஒழுகும்போதெல்லாம் மேலே ஒரு அடுக்குப் போட்டவர்கள் எடையைத்தான் ஏற்றினார்கள். உத்தரம் தொய்ந்தால் விரிசல் இன்னும் அகலும். அசையும் சுண்ணாம்புக்கு மேல் அசையாத சிமெண்ட், ஒரே கோடையில் வெடிக்கும்.

முதலில் மழைநீர்த் தூம்பைச் சுத்தம் செய்து, வாட்டம் சரியா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அரச முளை இருந்தால் வேரோடு எடுங்கள். அறுத்துவிட்டால் மறுபடி துளிர்க்கும். அடுத்தது உத்தரங்களின் நுனி. சுவருக்குள் புகும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். சட்டென இறங்கினால் மரம் மக்கிவிட்டது. ஒழுகலை மறந்து, அன்றைக்கே கீழே முட்டுக் கொடுங்கள். நுனி கெட்டியாக இருந்தால், பிறகு போட்ட அடுக்குகளையெல்லாம் பெயர்த்து, பழைய தட்டோடு வரை இறங்கி, கெட்ட ஓடுகளை மட்டும் மாற்றிச் சுண்ணாம்பு, செங்கல் தூள் கலவையால் இணைப்புகளை அடைத்துவிடுங்கள். இதை மாசி, பங்குனியில் தொடங்குங்கள். சுண்ணாம்பு இறுக வடகிழக்கு மழைக்கு முன் பல மாதம் வேண்டும்.

சுவரில் ஏற்கெனவே சிமெண்ட் பூசியிருந்தால் விரல் முட்டியால் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடத்தில் உள்ளே ஈரம் அடைபட்டுச் செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதியை உரித்து, ஈரம் காயவிட்டு, சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு கலந்து பூசச் சொல்லுங்கள். 'சுண்ணாம்பெல்லாம் இப்போ யார் சார் பூசுறாங்க' என்று கேட்கும் மேஸ்திரிக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.