செம்பருந்தின் பார்வை

கேள்வி: அல்சூர் ஏரியில் பார்க்கும் செம்பருந்தை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். ஒவ்வோர் இறகையும் தீட்டியும் புறாவைப் போலச் சாதுவாகத் தெரிகிறதே, ஏன்?
– வாசகி, பெங்களூரு

பதில்: புருவ எலும்பை விட்டிருப்பீர்கள். கண்ணுக்கு மேலே அது கூரை போல நீண்டிருக்கும். அதன் நிழல் விழியின் மேற்பாதியில் விழட்டும்; அந்த முறைப்பே அங்கிருந்துதான் வருகிறது. விழி அடர் பழுப்பு. பலரும் மஞ்சள் பூசிவிடுகிறார்கள், எனக்கு மனம் பொறுப்பதில்லை! மஞ்சளை அலகின் அடித்தோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தலையும் மார்பும் வெள்ளைதான். ஆனால் வெள்ளை வண்ணத்தை அப்படியே அப்பாதீர்கள். நிழல் பக்கம் நீலச் சாம்பல், வயிற்றை ஒட்டிச் செங்காவியின் எதிரொளி, இறகுத் தண்டுகளுக்கு மயிரிழைக் கோடுகள். எனக்கு மிகப் பிடித்த வேலை இது, அவசரப்படாதீர்கள்.

முதுகைச் செங்காவித் திரளாக விடுங்கள். சிறகுக்குப் பத்து முதன்மை இறகுகள், அதாவது சிறகின் வெளிநுனியில் நீளும் பெரிய இறகுகள். கருநுனியுள்ள அவற்றை மட்டும் தனித்தனியே தீட்டினால் போதும். வால் நுனி வட்டமாக முடிய வேண்டும். கவைபோல் பிளந்தால் அது கரும்பருந்து.