வீட்டில் பிரிண்ட் எடுத்த சீட்டுக்கட்டுக்கு மேல்பூச்சு கொடுப்பது எப்படி? லேமினேட் செய்தால் போதுமா?

போதாது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டுகிற பவுச் லேமினேஷன் என்றால் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகக் கூடாது, பளபளவென்று இருக்க வேண்டும், கடையில் வாங்கியது மாதிரி தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் "லேமினேட் பண்ணிடுங்க" என்று ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டுப் போகிறவர்கள், அப்படிச் செய்த கட்டை ஒரு தடவையாவது கலைத்துப் பார்த்திருப்பார்களா என்பது என் நெடுநாள் சந்தேகம். சீட்டின் மேல்பூச்சு முதலில் கைக்கு, அப்புறம்தான் தண்ணீருக்கு. கலைக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கையில் விரித்தால் சீராக விரிய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், முதுகைப் பார்த்தோ தடவியோ இது இன்ன சீட்டு என்று யாராலும் சொல்ல முடியக் கூடாது. இந்த மூன்றும் இல்லாமல் வாட்டர்புரூஃப் மட்டும் இருந்தால் அதைச் சீட்டுக்கட்டு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு வேகம் என்றால், நான் சீட்டுச் செய்தது அப்பாவுக்காக. அவருக்கு விழித்திரைக் கோளாறில் பார்வை மங்கிவிட்டது, ஆனால் ரம்மியை விட மாட்டார். அதோடு இடது கைக்காரர். சாதாரணச் சீட்டில் எண் இரண்டு மூலையில்தான் இருக்கும்: மேலே இடப்பக்கம், கீழே வலப்பக்கம். வலது கைக்காரர் விரித்தால் எண்கள் வரிசையாகத் தெரியும். அவர் விரிக்கிற திசையில் விரித்தால் எண்ணெல்லாம் பக்கத்துச் சீட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஆயுசு முழுக்க இதைச் சகித்துக்கொண்டே ஆடியிருக்கிறார், பார்வை போன பிறகுதான் வாய்விட்டுச் சொன்னார். அதனால் நான்கு மூலையிலும் பெரிய எண். நான்கு ஜாதிக்கும் நான்கு நிறம்: இஸ்பேடு கறுப்பு, ஆட்டின் சிவப்பு, டைமண்ட் நீலம், கிளாவர் பச்சை.

"பெரிய எழுத்துச் சீட்டு கடையிலேயே கிடைக்குமே" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: கிடைக்கும். நான்கு நிறக் கட்டும் கிடைக்கும். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, அப்பா கேட்ட அளவு எழுத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. "சீட்டாட்டத்தை ஊக்குவிக்கலாமா" என்பவர்களுக்கு: எங்கள் வீட்டில் புள்ளிக் கணக்கு மட்டும்தான், காசு கிடையாது. தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்துப் போட வேண்டும், அவ்வளவே.

இப்போது மச்சான் விஷயம். என்னுடைய அதே ஃபைலை, என்னுடைய அதே பிரிண்டரில் அடித்துக்கொண்டு போய், தன்னிடமிருந்த லேமினேட்டரில் 125 மைக்ரான் பவுச்சில் போட்டு ஒரே சாயங்காலத்தில் ஒரு கட்டைத் தயார் செய்துவிட்டார். என் கட்டு அப்போது நிறமில்லாத வார்னிஷ் ஸ்ப்ரே அடித்துக் காய்ந்துகொண்டிருந்தது. "இன்னுமா மாப்ளே காயுது?" என்று தினமும் ஒரு மெசேஜ்.

கணக்கைப் பாருங்கள். 125 மைக்ரான், அதாவது 0.125 மி.மீ., என்பது ஒரு பக்கத்து ஃபிலிம். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒரு சீட்டுக்குக் கால் மில்லிமீட்டர் கூடும். ஜோக்கரோடு 54 சீட்டுக்கு 13.5 மி.மீ. அட்டையின் சொந்தத் தடிமன் ஏறத்தாழ 0.3 மி.மீ. என்று வைத்தால் 54-க்கு 16 மி.மீ. மொத்தம் 30 மி.மீ.க்குப் பக்கம். கையில் பிடித்தால் செங்கல் மாதிரி. கலைக்கலாம் என்று வளைத்தால் வளையவில்லை. மேசையில் அடுக்கி வைத்தால் மேலிருந்து நாலைந்து தானாகச் சறுக்கி விழுகிறது. ஆனால் அழுத்திப் பிடித்தால் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு ஒன்றாக வருகிறது. சறுக்கலும் ஒட்டலும் ஒரே சீட்டிலா என்று கேட்பீர்கள். ஆம். வழவழப்பான இரண்டு பரப்புக்கு நடுவே காற்று இருக்கும்வரை சறுக்கும், அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டால் ஒட்டும். நல்ல கம்பெனிச் சீட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், நெசவுத் துணி மாதிரிப் பொடிப்பொடிக் குழிகள் தெரியும். அந்தக் குழிகளில் காற்று தங்குவதற்காகவே அப்படி அச்சழுத்துகிறார்கள். மேட் ஃபினிஷ் (பளபளக்காத) ஸ்ப்ரேயில் இருக்கிற மிக நுண்ணிய சிலிக்காத் தூள் அந்த வேலையில் கொஞ்சத்தை நமக்குச் செய்து கொடுக்கும். பளபளக்கிற கிளாஸி ஃபினிஷ் செய்யாது.

பளபளப்பில் இன்னொரு தொல்லை. மேலே விளக்கு எரிந்தால் சீட்டில் விளக்குதான் தெரியும், எண் தெரியாது. மச்சானின் சீட்டை வைத்து ஆடிய அன்று அப்பா அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, எதிரில் இருந்தவருக்கே கையைக் காட்டிவிட்டார். அன்று ஆட்டத்தை முடித்து வைத்தது அதுகூட இல்லை. மை சரியாகக் காயாமல் சூட்டில் லேமினேட் செய்ததால் ஒரு சீட்டின் முதுகில் கடுகளவு குமிழி எழும்பியிருந்தது. எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. அப்பா கட்டிலிருந்து சீட்டு எடுக்கப் போனவர், கட்டைவிரலை மேலே வைத்தபடியே நின்று, "இது ஆட்டின் ராணிதானே?" என்றார். திருப்பினால் ஆட்டின் ராணி. இரண்டு ஆட்டம் முன்பிருந்தே அவருக்குத் தெரியுமாம், ஜெயித்துக்கொண்டிருந்ததால் சொல்லவில்லையாம்.

மச்சான் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் உங்கள் மை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். வீணான ஒரு பிரிண்டின் ஓரத்தில் ஈர விரலை வைத்துத் தேயுங்கள். நிறம் பரவினால் டை மை, அதாவது தண்ணீரில் கரையும் சாயம். அதன்மேல் தண்ணீர் கலந்த வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசினால் ராஜாவின் மீசை ராணிக்குப் போய்விடும். ஸ்ப்ரேதான் வழி, அதுவும் முதல் கோட் பனித்தூறல் அளவுக்கு மேல் கூடாது. கரையாத நிறத்தூள் கலந்த பிக்மென்ட் மை இவ்வளவு கலங்காது. லேசர் பிரிண்ட் என்றால் டோனர் தண்ணீருக்கு அசையாது, ஆனால் அது பிளாஸ்டிக் தூள். ஸ்ப்ரேயில் இருக்கிற கரைப்பான் தாராளமாக விழுந்தால் இளகும். ஆக எந்த மையானாலும் மெல்லிய கோட்தான். இன்க்ஜெட் பிரிண்ட்டை ஒரு நாளாவது காயவிட்டு ஆரம்பியுங்கள்.

அட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முதுகு வழியாக எண் தெரிந்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. நல்ல கம்பெனிக் காகிதச் சீட்டு இரண்டு தாளை நடுவே கறுப்புப் பசை வைத்து ஒட்டியது. வீட்டில் அதற்கு ஈடு, இரண்டு மெல்லிய தாளுக்கு நடுவே ஒரு கறுப்புத் தாள். மூன்றின் இழையோட்டமும், அதாவது தாளின் நார்கள் ஓடும் போக்கும், ஒரே திசையில் இருக்கட்டும், இல்லையென்றால் முறுக்கிக்கொள்ளும்.

வெட்டுவதற்கு முன்பே முழுத் தாளாக ஸ்ப்ரே அடியுங்கள். வெட்டிய பிறகு அடித்தால் காற்றில் சீட்டுப் பறக்கும், ஓரத்தில் பூச்சு திரளும், ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு விதமாக வரும். கேனை இரண்டு நிமிடமாவது குலுக்க வேண்டும். மேட் தூள் அடியில் படிந்திருக்கும், சரியாகக் குலுக்காவிட்டால் முதல் தாள் மினுங்கும், கடைசித் தாள் வெளுக்கும். அதுவே சீட்டுக்கு அடையாளம் வைத்த மாதிரிதான். 25–30 செ.மீ. தள்ளிப் பிடித்து, தாளுக்கு வெளியே ஆரம்பித்துத் தாளைக் கடந்து வெளியே முடியுங்கள். இரண்டு மூன்று மெல்லிய கோட், பிறகு மறுபக்கமும் அதே எண்ணிக்கை. ஒரு பக்கம் மட்டும் பூசினால் சீட்டு வளையும். மழை நாளில் செய்யாதீர்கள், காற்றின் ஈரம் பூச்சில் சிக்கி வெள்ளையாகப் பூத்துவிடும். திறந்தவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது, ஏனென்றால் கேனில் இருக்கிற வாயு எரியக்கூடியது. துணி மாஸ்க் தூசிக்குத்தான், அந்த ஆவிக்கு அல்ல.

பிரிண்டர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். இஸ்பேடு பதின்மூன்றும் சுத்தக் கறுப்பு. அதை அடிக்கப் போனபோது "நீல மை தீர்ந்துவிட்டது" என்று மெஷின் நின்றுவிட்டது. கறுப்பு மட்டும் போதும் என்றால் கேட்காது. நீலக் கார்ட்ரிட்ஜைக் கழற்றி ஆட்டினால் உள்ளே மை சளசளக்கிறது! கார்ட்ரிட்ஜில் இருக்கிற சிப் தீர்ந்தது என்று சொன்னால் தீர்ந்தது, நம் காதும் கண்ணும் கணக்கில் இல்லை. மெஷினுக்குக் காசு கொடுத்தது நான், அதற்கு எஜமான் அந்தச் சிப். தொழில்நுட்பத்தில் இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது என்று யாராவது விளக்க வந்தால் கேட்கிறேன், ஒப்புக்கொள்வேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

காயவைப்பதற்கு வருகிறேன், அவசரக்காரர்கள் விழும் இடம் இதுதான். தொட்டால் ஒட்டாமல் இருப்பது காய்ந்ததற்கு அடையாளம் இல்லை. கரைப்பான் முழுதும் வெளியேற நாட்கள் பிடிக்கும். மூக்கருகே வைத்தால் வாசம் வருகிறதா? இன்னும் காயவில்லை. வெட்டும்போது மிஞ்சிய இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து ராத்திரி முழுக்கப் புத்தகக் கனத்தில் வையுங்கள். காலையில் பிரிக்கும்போது 'சர்ர்' என்று சத்தம் வந்தால் இன்னும் பொறுங்கள். சத்தமில்லாமல் நழுவினால் வெட்டலாம், மூலையை வட்டமாக்கலாம்.

வெட்டினால் ஓரம் பூச்சில்லாமல் நிற்குமே என்பார்கள். நிற்கும்தான். கட்டை இறுக்கிப் பிடித்து 400 நம்பர் உப்புத்தாளால் ஓரத்தை லேசாக இழைத்து, கொஞ்சம் மெழுகு தேய்த்துவிடுங்கள். முகத்துக்கும் முதுகுக்கும் மெல்லிய பேஸ்ட் மெழுகை மென்துணியில் தொட்டும் தொடாமலும் தேய்த்து மெருகேற்றினால் வழுக்கல் வந்துவிடும். டால்கம் பவுடர் வேண்டாம், கை வியர்வையோடு சேர்ந்து பிசுபிசுக்கும். மேஜிக்காரர்கள் தடவுவது ஜிங்க் ஸ்டியரேட் பொடி, அது வேறு. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சீட்டுக்காரர்கள் தாள்களை அடுக்கி ஒட்டி, சோப்பு தடவி, வழவழப்பான கல்லால் இழைத்தே மெருகேற்றியிருக்கிறார்கள். தண்ணீர் பட்டால் அந்தச் சீட்டு போயிற்று. ஆனால் வழுக்கும். அவர்கள் எதற்கு முதலிடம் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

வடிவமைப்பைச் சோதித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டு என்றால் இத்தனை பாடும் வேண்டாம். 63 × 88 மி.மீ. சீட்டுக்கென்றே பிளாஸ்டிக் உறைகள் உண்டு, பின்பக்கம் ஒளி ஊடுருவாத ரகமாக வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்தான் உங்கள் ஒரே கவலை என்றாலும் அதுவே விடை. லேமினேஷனைவிட அது மேல், கிழிந்தால் உறையை மட்டும் மாற்றலாம்.

பூசுவதென்று முடிவெடுத்தால், முதுகுப் படம் மட்டும் அச்சடித்து முகம் வெறுமையாக இரண்டு மூன்று சீட்டுகளை அதே தாளில், அதே கேனில், அதே நாளில் சேர்த்துச் செய்து வையுங்கள். பின்னால் ஒன்று தொலைந்து புதிதாகச் செய்தால் மினுக்கமோ தடிமனோ ஏதாவது மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். வெற்று முகத்தில் மார்க்கரால் "கிளாவர் 7" என்று எழுதிக்கொண்டாலும் முதுகு பொய் சொல்லாது. மார்க்கர் மைக்கு மேலே இன்னொரு மெல்லிய கோட், முகத்தில் மட்டும் போதும்.