சதுர அடி விலையை நம்பி வீட்டைத் தொடங்கலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்களிடம் சொந்த மனை இருக்கிறது. சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, எங்கள் தேவைக்கேற்ப 1,200 சதுர அடியில் வீடு கட்ட எண்ணியுள்ளோம். ஒப்பந்ததாரர் சொன்ன சதுர அடி விலையைப் பரப்பால் பெருக்கிப் பார்த்தால் கையிலுள்ள பணத்துக்குள் சரியாக அடங்குகிறது. ஆனால், பாதியில் பணம் தீர்ந்து திண்டாடியவர்களைப் பார்த்திருப்பதால் பயமாக இருக்கிறது. எப்படித் திட்டமிட வேண்டும்?"

உங்கள் பயம் நியாயமானது. 'சரியாக அடங்குகிறது' என்று நீங்கள் சொல்வதுதான் எனக்கும் கவலை தருகிறது. சதுர அடி விலை என்பது ஒப்பந்ததாரர் முன்பு கட்டிய வீடுகளின் சராசரியே தவிர, இன்னும் வரைபடம்கூட முடிவாகாத உங்கள் வீட்டின் விலை அல்ல. முதலில், அவர் எந்தப் பரப்பைக் கணக்கில் எடுக்கிறார் என்று கேளுங்கள். வெளிப்புற அளவில் 40க்கு 30 அடி உள்ள ஒரு தளம் 1,200 சதுர அடி. வெளிச்சுவர் 9 அங்குலம் என்றால் உட்புறம் 38.5க்கு 28.5 அடி, அதாவது ஏறத்தாழ 1,097 சதுர அடிதான் மிஞ்சும். உள்சுவர்கள் அதிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மாடிப்படி, போர்ட்டிகோ, பால்கனி ஆகியவற்றுக்கு முழு விலையா, பாதி விலையா என்பதையும், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், வாயிற்கதவு ஆகியவை அந்த விலையில் அடங்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் இவை அடங்குவதில்லை.

அடுத்து, கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். உங்களிடம் உள்ள மொத்தத் தொகையை எழுதி, வரைபடக் கட்டணம், கட்டமைப்புப் பொறியாளரின் கட்டணம், மண் பரிசோதனை, கட்டட அனுமதி, வரிகள், மின், குடிநீர் இணைப்புகள், சுற்றுச்சுவர், சமையலறை அலமாரிகள், வீடு முடியும்வரை கொடுக்க வேண்டிய வாடகை, கடன் வட்டி ஆகிய அனைத்தையும் அதிலிருந்து முதலில் கழித்துவிடுங்கள். மீதியில் 10 முதல் 15 சதவீதத்தை எதிர்பாராத செலவுக்கென்று தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். பிடித்த டைல்ஸ் கண்ணில் பட்டதும் கைவைப்பதற்கான பணம் அல்ல அது. அதன் பிறகு எஞ்சுவதே கட்டடத்துக்கான பணம். அதைச் சதுர அடி விலையால் வகுத்தால் வருகிற பரப்பு 1,200ஐ விடக் குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். ஓர் அறையை இப்போது தாளில் குறைத்துக்கொள்வது, கூரை போட்ட பிறகு பூச்சு வேலைக்குப் பணமில்லாமல் நிற்பதைவிட எவ்வளவோ மேல். கடனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வங்கிகள் பொதுவாக ஒவ்வொரு கட்ட வேலையையும் பார்த்த பிறகே அடுத்த தவணையை விடுவிக்கும் என்பதால், ஒரு கட்டத்தையாவது சொந்தப் பணத்தில் முடிக்கும் அளவுக்குக் கையிருப்பு எப்போதும் இருக்க வேண்டும்.

செலவைக் குறைக்க மிகச் சிறந்த இடம் வரைபடம்தான். 40க்கு 30 அடி நீள்சதுர வீட்டின் சுற்றளவு 140 அடி. அதே 1,200 சதுர அடியை, 40க்கு 36 அடியில் ஒரு மூலையில் 20க்கு 12 அடி விட்டுவிட்டு ஒடித்துக் கட்டினால் சுற்றளவு 152 அடியாகும். பரப்பு ஒன்றுதான், ஆனால் 12 அடி நீளத்துக்குக் கூடுதல் அஸ்திவாரம், 10 அடி உயரம் என்றால் 120 சதுர அடி கூடுதல் சுவர், உள்ளும் புறமுமாக 240 சதுர அடி பூச்சும் பெயின்டும் சேர்ந்துவிடும். மூலைகள் கூடக்கூடச் செலவும் கூடும். கழிவறைகளை அடுத்தடுத்தோ, மாடியில் கீழ்த்தளக் கழிவறைக்கு நேர் மேலேயோ அமைத்தால் குழாய் நீளமும் குறையும், பிற்காலத்தில் கசிவைத் தேடுவதும் எளிதாகும்.

மண் பரிசோதனையை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும் மனை, பழைய பள்ளத்தைக் கொட்டி நிரப்பிய மண்ணாக இருக்கலாம். ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும் களிமண்ணாகவும் இருக்கலாம். அஸ்திவாரம் தோண்டிய பிறகு இது தெரியவந்தால் ஆழத்தையும் கம்பியையும் அவசரத்தில் கூட்ட வேண்டிவரும். முதல் மாதத்திலேயே கணக்கு உடைவதற்கு நான் கண்ட முக்கியமான காரணம் இதுதான்.

வரைபடம் முடிவானதும், வேலைகளையும் அளவுகளையும் வரிசைப்படுத்திய அளவுப் பட்டியலைப் பொறியாளரிடம் தயாரித்து வாங்குங்கள். அதே பட்டியலைக் குறைந்தது மூவரிடம் கொடுத்து விலை கேட்டால்தான் ஒப்பிட முடியும். ஒருவர் விலை மட்டும் மிகக் குறைந்திருந்தால், எதை விட்டுவிட்டார் என்று வரிவரியாகப் பாருங்கள். 'தரமான கம்பி', 'நல்ல பெயின்ட்' போன்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது. கம்பியின் தரம், டைல்ஸின் அளவு, பெயின்ட் எத்தனை கோட், ஒவ்வோர் அறையிலும் எத்தனை மின் பாயின்ட் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். பணத்தை நாள் கணக்கில் கொடுக்காமல், முடிந்த வேலையின் கணக்கில் கொடுங்கள். 5 சதவீதத்தையாவது நிறுத்திவைத்து, குடியேறிச் சில மாதங்களில் தெரியும் குறைகளைச் சரிசெய்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்கிய பிறகு செய்யும் மாற்றங்கள் சிறியவையாகத்தான் தோன்றும். பூச்சு முடிந்த சுவரில் ஒரு சுவிட்சை இரண்டடி தள்ளி வைப்பதைப் பாருங்கள். எலக்ட்ரீஷியன் சுவரில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, பைப் பதித்து, ஒயரை மாற்ற வேண்டும். கொத்தனார் திரும்பி வந்து பழைய குழியையும் புதிய காடியையும் பூச வேண்டும். அது காய்ந்த பிறகு பட்டி பார்த்து, ஒட்டுப் போட்டது தெரியாமலிருக்க முழுச் சுவருக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். மூன்று பேரின் கூலி போக, அந்த அறையின் வேலையும் சில நாள் நின்றுவிடும். மாற்றம் தவிர்க்க முடியாததாக இருந்தால், அதற்கான விலையையும் கூடுதல் நாள்களையும் எழுதிக் கையெழுத்தான பிறகே செய்யச் சொல்லுங்கள்.

பணம் இறுகினால் எதைத் தள்ளிவைக்கலாம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அலமாரி, ஃபால்ஸ் சீலிங், வெளிப்புற அலங்காரம் ஆகியவை பிறகு வரலாம். கம்பி, கான்கிரீட், நீர்க்கசிவுத் தடுப்பு, சுவருக்குள் போகும் பைப், ஒயர் ஆகியவற்றில் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். மூடிய பிறகு அவற்றைத் திறந்து பார்க்க வழியில்லை. வட்டி ஏறுகிறதே என்று நீராற்றும் நாள்களை, அதாவது கான்கிரீட்டைத் தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருக்கும் நாள்களை, குறைப்பதும் கூடாது. கான்கிரீட்டின் தரத்தை அதன் 28ஆம் நாள் வலிமையைக் கொண்டே மதிப்பிடுகிறார்கள். தொடக்க நாள்களில் ஈரம் போய்விட்டால் எதிர்பார்த்த வலிமை அதற்கு வராது.

முன்பணம் கொடுப்பதற்கு முன், வரைபடத்தை மனைக்கு எடுத்துச் சென்று, கயிறும் சுண்ணாம்புப் பொடியும் கொண்டு எல்லா அறைகளையும் உண்மையான அளவில் தரையில் கோடு போட்டுப் பாருங்கள். கட்டில் எங்கே வரும், கதவு திறந்தால் எதில் இடிக்கும், சுவிட்சுக்குக் கை எங்கே நீளும் என்று வீட்டிலுள்ள அனைவரும் அதற்குள் நடந்து பாருங்கள். அன்று தோன்றும் மாற்றங்களையெல்லாம் வரைபடத்தில் ஏற்றிய பிறகு, அந்த வரைபடத்தின்மேல் அளவுப் பட்டியலைக் கேளுங்கள்.