மறுபடியும் தோட்டத்துக்கான்னு கேக்குற அம்மாவுக்கு

போன ஞாயித்துக்கிழம சாயங்காலம் மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் டவுன்ல நான் டியூஷன் எடுக்குற கடைவீட்டு மாடிக்கு ஒரு குடும்பம் வந்தாங்க. அப்பா லாரி ஓட்டுறாரு, அம்மா பேக்டரில வேல. பொண்ணு எஸ்.பி.எம்-ல, அதான் படிவம் அஞ்சு முடிவுல எழுதுற கவர்மெண்ட் பரீட்சையில, பயாலஜி ஏ பிளஸ், கெமிஸ்ட்ரி ஏ, மேத்ஸும் நல்லா இருக்கு. அம்மா கையில நாலு புரோஷர், நாலும் மெடிக்கல். உக்காந்த உடனே கண்ணு கலங்கிருச்சு. "கிள்ளான்ல இருக்குற எங்க அண்ணன் தினம் போன் பண்றாரு சார், இவ்ளோ நல்ல ரிசல்ட் எடுத்த பிள்ளைய டாக்டருக்குப் படிக்க வைக்கலன்னா அது பாவம்னு சொல்றாரு, வெள்ளிக்கிழமைக்குள்ள டெபாசிட் கட்டணுமாம், வீட்ட வெச்சு லோன் எடுக்கலாமா?"

முதல்ல தண்ணி குடுத்து கொஞ்சம் ஆறுதல் சொன்னேன். வீட்ட வெச்சுன்னு சொன்னதுக்கு அப்புறம் எனக்கு ஆறுதல் சொல்ல மனசு வரல. அவங்ககிட்ட சொன்னத இங்க எழுதுறேன், இதே நெலமையில இந்த வட்டாரத்துல இன்னும் எத்தனையோ வீடு இருக்கு.

முதல்ல காசு. தனியார் மெடிக்கல் படிப்பு பல எடத்துல மூணு லட்சம் வெள்ளிய (ரிங்கிட்ட) தாண்டும், தங்குறது சாப்பாடு தனி. அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் பவுண்டேஷன், அப்புறம் அஞ்சு வருஷம், அப்புறம் ஹவுஸ்மேன்ஷிப்னு ஆஸ்பத்திரியில பயிற்சி. 2016 டிசம்பர்ல இருந்து புது டாக்டருங்கள கவர்மெண்ட் நிரந்தரமா இல்லாம கான்ட்ராக்ட்ல தான் எடுக்க ஆரம்பிச்சாங்க. 2021 ஜூலை 26-ல நாடு முழுக்க கான்ட்ராக்ட் டாக்டருங்க வேலைய நிறுத்திட்டு வெளிய வந்து நின்னாங்க, அந்த போட்டோ எல்லாரும் பாத்தோம். டாக்டர் வேல உயர்ந்த வேல தான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல, ஆனா அந்த டிகிரி கைக்கு வந்த மறுநாளே கடன் அடஞ்சிரும்னு நெனச்சு வீட்ட அடமானம் வைக்காதீங்க. அப்பாவுக்கு வயசு 52. ஈ.பி.எஃப்-ல, அதான் தொழிலாளர் சேமநிதியில, இப்ப மூணு அக்கவுண்ட், படிப்புக்கு எடுக்குறது செஜாஹ்தெரா அக்கவுண்ட்ல இருந்து, மாசா மாசம் கட்டுற பணத்துல அதுக்குள்ள போறதே 15 விழுக்காடு தான். அவர் கணக்குல இருக்குற தொகைய பாத்தேன், ரெண்டு செமஸ்டருக்கு மேல தாங்காது. மூணாவது செமஸ்டர் பீஸ அண்ணன் கட்டுவாரான்னு கேட்டேன். பதில் வரல.

சரி, பொண்ணுக்கு என்ன ஆசை? அதுவரைக்கும் அத யாரும் கேக்கல. கேட்டதுக்கு ஒண்ணும் பேசாம போன எடுத்து நீட்டுச்சு. மொத்தமும் செம்பனை (பாம் ஆயில் மரம்) ஓலை போட்டோ. காஞ்ச எலைத் துண்டுகள ஒட்டி தன்னச் சுத்தி சின்ன பை கட்டிக்கிட்டு ஓலைக்கு அடியில தொங்குற புழு, மலாய்ல ஊலாட் புங்குஸ்னு சொல்வாங்களே அது. எந்தத் தேதி, எத்தனை புழு, மழைக்கு முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோன்னு ஒரு ஸ்கூல் நோட்டுல கோடு போட்டு எழுதியிருக்கு. பாட்டி வீட்டுக்குப் பின்னாடி இருக்குற மரம், ஏழு மாசமா எண்ணிக்கிட்டு இருக்காம். அம்மாவுக்கே இது தெரியாது.

அந்தப் பாட்டி சின்ன வயசுல செம்பனைத் தோட்டத்துல பூவுக்குப் பவுடர் அடிச்சவங்க. இப்ப உள்ள பிள்ளைங்களுக்குப் புரியாது. 1981-க்கு முன்னாடி நம்ம நாட்டு செம்பனையில மகரந்தம் சரியா சேராது, அதனால மகரந்தத்த டால்கம் பவுடரோட கலந்து பொம்பளைங்க ஒவ்வொரு மரமா போய் பெண் பூ மேல ஊதணும். அப்புறம் ஆப்பிரிக்காவுல இருக்குற கேமரூன் நாட்டுல இருந்து ஒரு குட்டி மூக்கு வண்ட கொண்டு வந்து விட்டாங்க, அந்த வேலைய அது எடுத்துக்கிச்சு, குலையும் நல்லா புடிக்க ஆரம்பிச்சுது. ஆப்பிரிக்காவுல போய் எந்த வண்டு அந்தப் பூவுக்கு வருதுன்னு உக்காந்து பாத்தவரு ஒரு பூச்சி ஆராய்ச்சியாளர். இந்தப் பொண்ணு நோட்டுல பண்றதும் அதே வேல தான்.

அதனால நான் சொன்ன பேரு விவசாய விஞ்ஞானம், செர்டாங்ல இருக்குற யூ.பி.எம், அதான் புத்ரா மலேசியா பல்கலைக்கழகம். சொன்ன உடனே அம்மா மொகம் மாறிருச்சு. "எங்க தாத்தா பால்மரம் (ரப்பர்) வெட்டுனாரு, எங்க அம்மா செம்பனையில மருந்தடிச்சாங்க, தோட்டத்து லயத்து வீட்ட விட்டு டவுன் தாமான் வீட்டுக்கு வரவே எங்களுக்கு மூணு தலைமுறை ஆச்சு, மறுபடியும் தோட்டத்துக்கா சார்?"

அந்த வலி எனக்குத் தெரியும், நானும் லயத்துல பொறந்தவன் தான். ஆனா யோசிச்சுப் பாருங்கம்மா, உங்க அம்மா முதுகுல டின்ன சுமந்து பாராகுவாட்னு களைக்கொல்லி மருந்து அடிச்சாங்க, எத அடிக்கணும், எவ்ளோ கலக்கணும்னு முடிவு பண்ணது யாரு? படிச்ச ஒருத்தரு. அந்த மருந்த நம்ம நாட்டுல தடை பண்ணதே 2020 ஜனவரி 1-ல தான். முடிவு பண்ற அந்த நாற்காலியில, பாட்டி கை எப்படி எரிஞ்சுதுன்னு தெரிஞ்ச பேத்தி உக்காரட்டும். புழுவுக்கு விஷ மருந்துக்குப் பதிலா பாக்டீரியா தெளிக்கலாமா, எலிக்கு ஆந்தை வளக்கலாமா, கனோடெர்மா பூஞ்சை மரத்த அடியில இருந்து அரிச்சா என்ன பண்றது, பதினேழாவது ஓலைய வெட்டி லேப்ல பாத்து எந்த உரம் கொறையுதுன்னு சொல்றது, இதெல்லாம் அவ படிக்கப் போற படிப்பு.

யூ.பி.எம் சாதாரண எடம் இல்ல, 1931-ல விவசாயப் பள்ளியா ஆரம்பிச்சு 1971-ல யுனிவர்சிட்டி ஆனது, விவசாயம் தான் அதோட வேரு. நாலு வருஷ படிப்பு. மொத்த பீஸையும் கூட்டினாலும் அந்த புரோஷர்ல இருக்குற ஒரு செமஸ்டர் பீஸத் தொடாது. முடிச்சா எம்.பி.ஓ.பி (செம்பனை எண்ணெய் வாரியம்), மார்டி (விவசாய ஆராய்ச்சி நிறுவனம்), விவசாய இலாகா, உரக் கம்பெனி, பெரிய எஸ்டேட் கம்பெனிங்களோட ஆராய்ச்சிப் பிரிவுன்னு போக எடம் இருக்கு. எஸ்டேட் மேனேஜ்மென்ட்ல ஆசை வந்தா பிளான்டர்ஸ் சங்கம் நடத்துற பரீட்சையும் எழுதலாம், நம்ம ஆளுங்க கிராணி (எஸ்டேட் கிளார்க்) வேலையோட நின்னது போதும். கஷ்டத்தையும் சொல்லிடறேன், உள்காட்டுல போஸ்டிங் வரலாம், வெயில் மழை பாக்க முடியாது, ஆரம்பச் சம்பளம் கிள்ளான் மாமா வாயப் பொளக்குற மாதிரி இருக்காது.

யூ.பி.எம்-க்குப் போற வழி, எஸ்.பி.எம்-க்கு அப்புறம் படிக்குற படிவம் ஆறு. மெட்ரிகுலேஷன், பவுண்டேஷன்னு இருக்குற மத்த வழி பத்தி ஊரே பேசுது, நான் திரும்பப் பேசல. படிவம் ஆறுல எழுதுற எஸ்.டி.பி.எம் பரீட்சை கஷ்டம்னு பயமுறுத்துவாங்க, ஆனா 2012-ல இருந்து மூணு செமஸ்டரா பிரிச்சு நடத்துறாங்க, ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனிப் பரீட்சை, முதல் ரெண்டு செமஸ்டர்ல கோட்ட விட்டா திரும்ப எழுத வாய்ப்பு இருக்கு. இவளுக்கு பெங்காஜியான் ஆம் (பொது அறிவுப் பாடம்) கட்டாயம், கூட மேத்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, தனியா மூவெட்னு இங்கிலீஷ் பரீட்சை. ஒன்றரை வருஷம் வீட்டுல இருந்தே பஸ்ல போயிட்டு வரலாம். கவர்மெண்ட் யுனிவர்சிட்டிக்கு ஆள் எடுக்குற யூ.பி.யூ-வோட மெரிட்ல 90 விழுக்காடு படிப்பு, 10 விழுக்காடு புறப்பாடம், அதனால சும்மா வந்துட்டுப் போகாம ஏதாவது ஒரு கிளப்ல பொறுப்பு எடுக்கணும், சர்டிபிகேட்ட பத்திரமா வெக்கணும். பி.டி.பி.டி.என்-னு கவர்மெண்ட் படிப்புக் கடன் தேவைப்பட்டா எடுக்கலாம், ஆனா அது கடன், ஒரு விழுக்காடு சேர்த்து திருப்பிக் கட்டணும், மிச்சக் காசுல மோட்டார் வாங்கக் கூடாது.

ஒருவேள ஆறாம் படிவத்துல படிக்கும்போது அவளுக்கே மெடிக்கல் ஆசை வந்துச்சுன்னா அதே எஸ்.டி.பி.எம் ரிசல்ட்ட வெச்சு கவர்மெண்ட் யுனிவர்சிட்டிக்கு போடலாம், கதவு எதுவும் மூடல. ஆனா அவ வாயில இருந்து வரணும்.

வெள்ளிக்கிழம டெபாசிட் கட்டாதீங்கம்மா. வீட்டு கிராண்ட் (பத்திரம்) பீரோவுலயே இருக்கட்டும். அண்ணன் போன் பண்ணா என் நம்பர குடுங்க, அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். அடுத்த ஞாயித்துக்கிழம அந்த நோட்டோட பாட்டியையும் கூட்டிட்டு வாங்க, அவங்க பவுடர் அடிச்சப்ப மரத்துல என்னென்ன பூச்சி பாத்தாங்கன்னு பொண்ணு கேக்கணுமாம். அவங்களுக்கு படி ஏற முடியலன்னா நானே கீழ இறங்கி வரேன்.