முதுகு மட்டும் ஏன் விறைக்கிறது?

கேள்வி: தை மாதம் கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் கூடாரம் போட்டோம். 5 டிகிரி என்று எழுதிய ஸ்லீப்பிங் பேக், கீழே காற்று மெத்தை. மார்பு கதகதப்பாக இருந்தும் முதுகு விடிய விடிய விறைத்தது. இன்னும் கனமான பை வாங்கணுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். காசைப் பையில் போடாமல் விரிப்பில் போடுங்கள். சூட்டைப் பிடித்து வைப்பது பஞ்சுக்குள் நிற்கும் காற்றுதான். படுத்ததும் முதுகுக்கடியில் பஞ்சு நசுங்கி அந்தக் காற்று போய்விடுகிறது. சித்திரை வெயிலில் ஆத்தங்குடிக் கல் தரையில் சட்டையில்லாமல் படுத்தால் ஜில்லென்று இருக்குமே, அதே சங்கதிதான். தரை சூட்டை இழுக்கிறது.

காற்று மெத்தையிலும் உள்ளே வெப்பத்தடுப்பு இல்லையென்றால் காற்று சுழன்று சூட்டைக் கீழே கடத்திவிடும். விரிப்பு வாங்கும்போது 'ஆர் மதிப்பு' பாருங்கள். சூடு கீழே போகாமல் விரிப்பு எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண் அது, கூடக்கூட நல்லது. சாதாரணக் காற்று மெத்தைக்கு அது 1-ஐ ஒட்டியே இருக்கும். மடக்கும் ஃபோம் விரிப்புக்கு 2 அளவில் வரும். இரண்டையும் அடுக்கினால் மதிப்பும் கூடும். 3 வந்தால் மன்னவனூர்க் குளிர் தாங்கும். ஃபோமை மெத்தைக்கு மேலே போடுங்கள், படுத்த உடனே சூடு தெரியும். தரையில் முள் இருந்தால் மட்டும் கீழே. கோரைப்பாய் வளவில் படுக்கச் சரி, பனி இறங்கிய புல்லுக்கு ஆகாது.

அந்த 5 டிகிரி எந்தக் கணக்கு என்றும் பாருங்கள். 'கம்ஃபர்ட்' என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். 'லிமிட்' என்றால் சுருண்டு படுத்துச் சமாளிக்கலாம். 'எக்ஸ்ட்ரீம்' என்றால் உயிர் பிழைக்கலாம், தூக்கத்தை மறந்துவிடுங்கள். கீழே நல்ல விரிப்பு இருக்கிறது என்று வைத்துத்தான் இந்த எண்களையே போடுகிறார்கள்.

கேள்வி: தலையோடு பைக்குள் புகுந்து படுத்தேன். காலையில் பை நசநசவென்று ஈரம்.
– வாசகி, தேவகோட்டை

பதில்: எல்லாம் உங்கள் மூச்சுதான். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும். தலைக்குக் கம்பளித் தொப்பி போதும். பகலில் வேர்த்த பருத்திச் சட்டையோடு படுக்காதீர்கள், உலர்ந்த துணி மாற்றுங்கள். காலுறையும் புதிதாக. வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டிலைத் துண்டில் சுற்றித் தொடையிடுக்கில் வைத்தால் பாதி இரவு தாங்கும்.

கேள்வி: கூடாரத்துக்குள் குமுட்டி அடுப்பில் கரிக் கங்கு வைக்கலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.