இந்தியை ஆங்கிலத்தின் வழியாகக் கற்காதீர்கள், தம்பி

சிங்கப்பூரிலிருந்து தில்லியை அடுத்த குருகிராமுக்கு வேலை மாற்றலாகி வரும் தம்பி, வாடகை, காற்று மாசு, ஆங்கிலம் மட்டும் போதுமா, இந்தி கற்க எத்தனை மாதம் ஆகும் என்று நான்கு கேள்விகளை அடுக்கியிருக்கிறீர்கள். வாடகையை உங்கள் அலுவலகத்தார் சொல்வார்கள். காற்றுக்கு முகக்கவசம் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அக்கறை உள்ளது மொழியில்தான்.

அலுவலகத்துக்குள் ஆங்கிலம் போதும். காவலாளி, ஆட்டோ ஓட்டுநர், சிலிண்டர் கொண்டுவருபவர், மின்சாரம் பழுதுபார்ப்பவர் என்று நாளின் மறுபாதி முழுவதும் இந்தியில்தான் நடக்கிறது. நம் ஊரிலிருந்து வந்தவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் இங்கிருந்தும் 'கரோ' (செய்), 'லாவோ' (கொண்டு வா) என்னும் ஏவல்களை மட்டுமே கற்று, தந்தை வயதுள்ள காவலாளியையும் அப்படியே விரட்டுகிறார்கள். கேட்கவே கூசுகிறது. முதல் நாளிலிருந்தே எல்லோரிடமும் 'ஆப்' (நீங்கள்) என்றும் 'தீஜியே' (கொடுங்கள்) என்றும் மரியாதையாகப் பேசிப் பழகுங்கள்.

அடுத்து, ரோமன் எழுத்தில் இந்தி படிக்கவே வேண்டாம். பருப்பைக் குறிக்கும் 'தால்', கிளையைக் குறிக்கும் 'டால்' இரண்டையும் அது ஒரே மாதிரி எழுதிவிடும். தமிழ் எழுத்தும் உதவாது; சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் உரிய இரண்டு இந்திச் சொற்களையும் நாம் 'கானா' என்று ஒரே மாதிரிதானே எழுத முடிகிறது? இந்தியின் எழுத்தான தேவநாகரியைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். அலுவலகம் விடுப்புத் தந்தால், முசூரி மலைநகருக்கு மேலே உள்ள லாண்டூர் மொழிப்பள்ளிக்குச் செல்லுங்கள். பாதிரிமார்களுக்காகத் தொடங்கப்பட்டு, இப்போது எல்லா வெளிநாட்டவருக்கும் கற்பிக்கிறது.

நீங்களும் என்னைப் போல ஆங்கிலத்தில் படித்து, தமிழைத் தாய்மொழிப் பாடமாக மட்டும் எழுதித் தேறியவராக இருப்பீர்கள். அந்தத் தமிழ்தான் இங்கே கைகொடுக்கும். வினை கடைசியில் வருவதும், வேற்றுமை பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், 'எனக்குப் பசிக்கிறது' என்னும் அமைப்பும் இந்தியிலும் உண்டு; அவை ஆங்கிலேயருக்குத்தான் புதிது. நம்மைத் திணறடிப்பது பால் வேறுபாடு. இந்தியில் கதவு ஆண்பால், சன்னல் பெண்பால். போதாதென்று, இறந்தகாலத்தில் 'நான் ரொட்டி சாப்பிட்டேன்' என்று ஓர் ஆண் சொன்னாலும், ரொட்டி பெண்பால் என்பதால் வினையும் பெண்பாலாகிவிடும். விதியை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் பாலுக்கேற்ப மாறும் ஓர் அடைமொழியோடு சேர்த்தே கற்பது மேல்.

எண்களை எந்த வகுப்பும் போதிய அளவு சொல்லித்தருவதில்லை என்பது என் நெடுநாள் குறை. முப்பத்தொன்பது 'உன்தாலீஸ்', ஐம்பத்தொன்பது 'உன்சட்'. நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனிச் சொல்லாகவே கற்க வேண்டும். நூற்றைம்பது 'டேட் சௌ', இருநூற்றைம்பது 'டாயி சௌ'. வந்த புதிதில் நான் தில்லி ஆர்.கே.புரத்தில், மலை மந்திர் என்னும் முருகன் கோயிலுக்கு அருகில் குடியிருந்தேன். காய்காரர் விலை சொன்னால் விழித்துக்கொண்டு பெரிய நோட்டாக நீட்டுவேன். எதிர்வீட்டு மாமி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் என்னை உடன் அழைத்துச் சென்றார். அரசு ஊழியரின் மனைவியாக வந்து அங்கேயே முதுமையடைந்தவர். ஆண்பால், பெண்பால் எதையும் பொருட்படுத்தாமல் பேசுவார். ஆனால் காய்காரரை 'பய்யா' (அண்ணா) என்று அழைத்து, எல்லா விலையையும் இந்தியிலேயே கூட்டி, மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கிவிடுவார். தக்காளி, வெங்காயம், கத்திரிக்காய் என்று ஒவ்வொன்றாக விலை கேட்கச் சொல்லி, நான் கூட்டுத்தொகையை இந்தியில் சொல்லும்வரை பையைக் கையில் தரமாட்டார்.