பாட்டு டீச்சர் ஆக நினைக்கும் பெண்ணை இன்ஜினீயரிங்கில் தள்ளாதீர்கள்

ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய் மகளுடன் என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தார். பிளஸ் டூ முடித்த அந்தப் பெண் பாட்டு டீச்சர் ஆக வேண்டும் என்கிறாள். சித்தப்பா கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் என்கிறார். தாய்மாமனோ, பி.காம். படித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடினால் போதாதா என்கிறார். படகுக்குப் போகும் தகப்பனார் வாய் திறக்கவில்லை. அந்த அம்மாவிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

அம்மா, "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று நான் சொல்லி அனுப்பினால், நாளைக்கே கொழுந்தனார் காட்டிய கல்லூரியில் முன்பணம் கட்டிவிடுவீர்கள். அதனால் முதலில் பணத்தைப் பேசுவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு கரையில் நிற்கும், வீட்டில் வரவு நின்றிருக்கும். கல்லூரிச் சேர்க்கையும் அதே மாதங்களில்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தை அரசே ஏற்கும் என்று கொழுந்தனார் சொல்வது சரி. ஆனால் உங்கள் மகள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அந்தச் சலுகை அவளுக்குக் கிடையாது. கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறிய பெண்ணுக்காக நகையை அடகு வைத்து நான்கு வருடம் கட்டணம் கட்டுவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

அவளைப் பாடச் சொன்னேன். நன்றாகப் பாடினாள், அவ்வளவுதான். மேடைக் கச்சேரி செய்வாள் என்று சொல்ல மாட்டேன். பாடகர் குழுவில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றிக் கேட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்த ஒரு பையனைக் குழுவிலிருந்து நிறுத்திவிடச் சொன்னார்களாம். இவள் ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடிவந்த பாட்டை அவனுக்காக இரண்டு கட்டைக்கு இறக்கி, மேல் ஸ்தாயி வரும் அடியை மட்டும் மற்றவர்களிடம் கொடுத்துவிட்டாளாம். இதை யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. இந்தப் பெண்ணைப் போய் பி.காமில் உட்கார வைப்பதா?

அவளுக்கு ஏற்ற படிப்பு பி.ஏ. இசை, குரலிசைப் பிரிவு. நம் கரைக்குப் பக்கம் மதுரை அரசு இசைக் கல்லூரி. பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு எடுத்திருந்தாலும் சேரலாம்; சேர்க்கையின்போது குரலையும் சுருதி ஞானத்தையும் பார்ப்பார்கள். அங்கே இசைக்கலைமணி என்ற மூன்றாண்டுப் பட்டயமும் உண்டு. காலம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் பட்டயத்தில் போட்டுவிடாதீர்கள். கேந்திரிய வித்யாலயா இசை ஆசிரியர் பணிக்குக் கேட்பது இசையில் பட்டம், பின்னால் எம்.ஏ., கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வு என்று போவதற்கும் பட்டம்தான் வேண்டும். பி.ஏ. முடித்ததும் ஓராண்டு இசை ஆசிரியர் பயிற்சி படிக்கட்டும். சென்னை அரசு இசைக் கல்லூரியில் அது இருக்கிறது. பலர் விட்டுவிடுவது இந்த ஓராண்டைத்தான். பாடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எவன் சுருதி விலகுகிறான், எவள் மூச்சைத் தொண்டையில் பிடிக்கிறாள் என்று கண்டுபிடித்துத் திருத்துவது தனி வேலை.

அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்களால் கட்டக்கூடியதே. செலவெல்லாம் தங்குமிடத்திலும் சாப்பாட்டிலும்தான். மதுரையில் விடுதி வசதியைச் சேருவதற்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்ணுக்கும் இப்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மீனவர் நல வாரியத்தின் கல்வி உதவிக்கும் மனுக் கொடுங்கள். பாம்பன் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபின் ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு மறுபடியும் ரயிலும் ஓடுகிறது. பழைய ரயில் பாலம் மூடிக் கிடந்த காலத்தில் மண்டபம் வரை பஸ்ஸில் போய்த் திண்டாடியதை நான் சொல்லவே வேண்டாம்.

"கர்நாடக இசை இந்து சாமி பாட்டு, கிறிஸ்தவர்களான நமக்கெதற்கு?" என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டாராம். 1912-இல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, கர்நாடக இசை வித்வான்களை ஒன்றுகூட்டி மாநாடுகள் நடத்திய ஆபிரகாம் பண்டிதர் கிறிஸ்தவர். இதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

வேலையைப் பற்றியும் மறைக்க மாட்டேன். அரசுப் பள்ளிகளில் இசை ஆசிரியர் இடங்கள் குறைவு. தேர்வும் எப்போதாவதுதான் வரும். 2012-இல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டு வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். எனவே அரசு வேலையை மட்டும் நம்பி இதில் இறங்க வேண்டாம். தனியார் பள்ளி, வீட்டு வகுப்பு, வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு என்று மூன்று நான்கு இடங்களிலிருந்து சேரும் வருமானம்தான் பாட்டு டீச்சருடையது. முதல் சில வருடம் அது மெலிந்தே இருக்கும். ஆனால் அப்போது அவள் தலையில் கடன் இருக்காது.

பத்தாம் வகுப்பில் இருக்கும் இளையவளுக்கும் பாட்டில் ஆசை என்றீர்கள். ராமநாதபுரத்திலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. ஆனால் அது பகல் நேரப் படிப்பு, பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு அனுப்பாதீர்கள்.

மூத்தவள் சேர்க்கைக்கு முன் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற அடிப்படைப் பயிற்சிகள் மூன்றையும் முறையாகத் தெரிந்த ஒருவரிடம் பாடம் கேட்டுக்கொள்ளட்டும். காலையில் தம்பூரா சுருதியோடு அரை மணி நேரம் அகார சாதகம், அதாவது 'ஆ' என்று நீட்டிப் பாடும் பயிற்சி, போதும். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.